மூக்குக் கவிழ்ந்த வண்டியும் ஆறு மணல் மூட்டையும்

வெர்லின் ட்வெய்ட்டின் பிக்கப் வண்டி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் சுமை ஏற்றினால் சமமாகிவிடும் என்ற கணக்கில்தான் அந்த மாதிரி வண்டிகளைச் செய்கிறார்கள். பதினொரு வருடம் அதை ஓட்டிய வெர்லினுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. அவருடைய அறுபத்தொன்றாவது பிறந்தநாளன்று மைத்துனன் டெல்மர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தொல்லை அன்றைக்குத் தொடங்கியது.

"லெவலிங் கிட்டு. முன் ஸ்ப்ரிங்குக்கு மேல இந்த ரெண்டு வளையத்தையும் வச்சுட்டா ரெண்டு அங்குலம் தூக்கிரும். உன் வண்டியப் பாத்தா புல்லு மேயற மாடு மாதிரியே இருக்குய்யா. பங்க் வாசல்ல எல்லா வண்டியும் நேரா நிக்குது, உன்னுது மட்டும் எதையோ தொலைச்சுட்டுத் தேடுது."

வெர்லின் சிரித்தார். அன்று மாலை வெளியே போய் வண்டியைப் பார்த்தபோது அது உண்மையாகவே எதையோ தேடுவதுபோல்தான் இருந்தது. ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் கண்ணுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை.

வடக்கு டகோட்டாவில் ஹெக்லண்ட் ஒரு சின்ன ஊர். அங்குள்ள பள்ளிக்கூடத்தின் கொதிகலன், குழாய், ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் வெர்லின்தான் பார்த்துக்கொள்கிறார். தனக்கென்று எதையும் ஆசைப்பட்டுக் கேட்டவர் இல்லை. இந்தக் கிட்டை மட்டும் அவருக்கு மாட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தடையாக இருந்தது ஒன்றே ஒன்று. அவர் மனைவி மார்லிஸின் இடுப்பு.

போன இலையுதிர்காலத்தில் மார்லிஸுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். வண்டியில் ஏற ஆறு வாரம் வெர்லின் கை கொடுத்தார். ஏழாவது வாரம் அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்துத் தானே ஏறினாள். இறங்கும்போது மாற்றிய காலை முதலில் நீட்டித் தரையைத் தேடுவாள். அந்த உயரம்தான் அவளுடைய எல்லை. இரண்டு அங்குலம் கூடினால்?

கேட்டும் பார்த்தார்.

"மார்லிஸ், அந்தக் கிட்டப் பத்தி நீ என்ன நெனைக்கிற?"

"உன் வண்டி. போட்டுக்கோ."

"இல்ல, ஏறி இறங்க உனக்கு..."

"வெர்லின், என்னச் சாக்கு வச்சு எதையாவது விட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் பாரு."

போட்டால் அவளால் இறங்க முடியாமல் போகலாம். போடாவிட்டால் காரணம் தன் இடுப்புதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எது அவளை அதிகம் நோகடிக்கும் என்று வெர்லினுக்குப் புரியவில்லை.

புரியாத விஷயத்தை அளந்து பார்ப்பது அவர் வழக்கம். திங்கட்கிழமை சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கும் மட்கார்டு வளைவு வரை முன்னும் பின்னும் டேப்பை வைத்தார். முன்பக்கம் இரண்டு அங்குலம் கம்மி. சுவரில் குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை மறுபடி அளந்தால் அரை அங்குலம்தான் வித்தியாசம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தார். அதே அரை அங்குலம். அடுத்த புதன்கிழமை ஒன்றரை.

காலையில் கூட்டுறவு பெட்ரோல் பங்கில் காப்பிக்குக் கூடுகிறவர்கள் யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவார்கள். அங்கே விஷயத்தைச் சொன்னார்.

"டயர்ல காத்து பாத்தியா?" என்றான் ஒருவன்.

"குளிர்ல இரும்பு சுருங்கும்ல," என்றான் இன்னொருவன்.

"சுருங்குனது இரும்பில்ல, இவன் மூளை," என்றான் டெல்மர். "சனிக்கிழம ஷெட்டுக்குக் கொண்டுவா. மாட்டிட்டா அளக்கவே வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடப் படியெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. வெர்லின் வழக்கம்போல வண்டியின் பின்தட்டிலிருந்து ஒரு மணல் மூட்டையை இழுத்துக் கிழித்துப் படிகளில் தூவினார். குளிர்காலத்தில் பின்சக்கரம் வழுக்காமல் இருக்க அந்த ஊரில் எல்லோரும் வண்டிக்குப் பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் மூட்டை வசந்தம் வரை அப்படியே கிடக்கும். வெர்லின் மூட்டை மட்டும் பள்ளிப் படிக்குப் போகும். தீர்ந்ததும் ஆறு புது மூட்டை வாங்கிப் போடுவார்.

காலி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

முதலில் அளந்த திங்கட்கிழமை ஒரு மூட்டைதான் மிச்சம் இருந்தது. அந்த வாரமே புதன்கிழமை ஆறு வாங்கிப் போட்டார். அப்புறம் அவை ஒவ்வொன்றாகப் படிக்குப் போயின. இத்தனை நாள் அளந்தது வண்டியை அல்ல, மணலை!

சரி, அது விளங்கிவிட்டது. மார்லிஸ்? சாயங்காலம் இரண்டு அங்குலப் பலகை இரண்டை எடுத்து, முன்சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து வண்டியை ஏற்றி நிறுத்தினார். பிறகு மளிகைக் கடைக்குப் போகலாம் என்று அவளைக் கூப்பிட்டார்.

மார்லிஸ் வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கைப்பிடியைப் பற்றி, ஒரு தம் பிடித்து ஏறிவிட்டாள்.

"ஏறிட்டேன் பாத்தியா?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கே போய் மாட்டிட்டு வா. பர்ஸை வீட்டுக்குள்ள வச்சுட்டேன், இரு, எடுத்துட்டு வந்துடறேன்."

கதவைத் திறந்து மாற்றிய காலை நீட்டினாள். கால் தரையைத் தேடியது. கிடைக்கவில்லை. கீழே பனி. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். வெர்லினின் கை தானாக எழுந்தது. பிறகு தானாகவே கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

அவள் கதவைச் சாத்தினாள். நேராகக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பர்ஸ் வேணாம். நீ காசு வச்சிருப்பல்ல. வண்டிய எடு."

வண்டி பலகையிலிருந்து 'தடக்' என்று இறங்கியது. வழியில் இருவரும் வானிலையைப் பற்றித்தான் பேசினார்கள். கடை வாசலில் அவள் தானே இறங்கினாள், எப்போதும்போல.

வெர்லின் ராத்திரி தூங்கவில்லை. அவள் 'மாட்டு' என்றும் சொன்னாள், இறங்கவும் முடியவில்லை. எதை எடுத்துக்கொள்வது? விடிந்ததும் டெல்மரின் ஷெட்டுக்குப் போனார். பெட்டியை நீட்டினார்.

"வேணாம் டெல்மர். ஆறு மூட்டை மணல் இருந்தா வண்டி சமமாத்தான் நிக்குது. அளந்துட்டேன். பின்னாடி தாழ்ந்தாலும் சமம்தானே?"

"யோவ், அது குளிர்காலத்துக்குத்தானே! ஏப்ரல்ல மணல எடுத்துருவ."

"எடுக்கலன்னா?"

டெல்மர் அவரை மேலும் கீழும் பார்த்தான். பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தான்.

ஏப்ரலில் ஊரே மணலை இறக்கியது. வெர்லின் இறக்கவில்லை. ஜூன் மாத வெயிலில் பங்க் வாசலில் எல்லா வண்டிகளோடும் அவர் வண்டியும் நேராக நின்றது. டெல்மர் பின்தட்டை எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"ஏய், குளிர்காலம் முடிஞ்சு போச்சுன்னு இவனுக்கு யாராவது சொல்லுங்கப்பா!"

"நம்ம ஊர்ல எப்ப என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் வெர்லின்.

அந்தப் பக்கக் கதவு திறந்தது. மார்லிஸ் காலை நீட்டினாள், தரை கிடைத்தது, இறங்கினாள். போகிற போக்கில் ஒரு மூட்டையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இதச் சுமக்க வண்டி எவ்ளோ பெட்ரோல் குடிக்குதோ," என்றாள்.

அது புகாரா வேறு ஏதாவதா என்று வெர்லினுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து ஒருமுறை அளந்துகொண்டார்.