செபமாலை வரைந்த வளைவு

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். கோவில் முன்னால் மாதா சுரூபம் வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானபோது, "நான் படம் போட்டுத் தர்றேன்" என்று என் மகள் எழுந்து சொல்லிவிட்டாள். கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். எட்டாவதோடு நின்ற நான் அவள் கையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தேன். ஊரே முழங்கால் போடுகிற இடம். ஏதாவது கோணலாகிவிட்டால் அப்புறம் அவளை நம்பி ஒரு மாட்டுக்கொட்டகைகூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஊராருக்குக் காலண்டரில் இருக்கிற மாதிரி மலைக்குகை வேண்டும். மேஸ்திரிக்கோ ஆணி அடித்து, நூல் பிடித்துச் சுற்றினால் வருகிற அரைவட்டம்தான் வேண்டும்.

"வட்டமா வச்சீன்னா கெணத்த நிமித்தி வச்சாமாரி இருக்கும் மேஸ்திரி," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கல்ல கண்டபடி அடுக்கினா மாதா தலமேலதான் வுழும். பரவால்லியா?"

"ரெண்டுமே வெக்கலாம் மேஸ்திரி," என்றாள் என் மகள். "வெளிய குகை, உள்ள கணக்கு."

"பாப்பா மாவு அரைக்காமியே தோச சுடுதுபா!" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் செபம் முடிந்ததும் என் செபமாலையை வாங்கிக்கொண்டாள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, இரண்டு ஆணி அடித்து மாலையை மாட்டினாள். இரண்டு பக்கமும் இறங்கி வந்த மணிகள், மாலை முனையில் தொங்கும் சிலுவையான பாடுபட்ட சுரூபத்தின் கனத்தில் நடுவே கூராகச் சேர்ந்தன. அந்தக் கோட்டைப் பென்சிலால் எடுத்துக்கொண்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பினாள்.

"இன்னாடி, செபமாலைய வச்சிக்கினு வெளையாட்டு?"

"இல்லம்மா, பாரு. தொங்கறப்போ தன் பாரத்த எப்டி இழுத்துப் புடிக்குதோ, கவுத்து வச்சா அப்டியே தாங்கிக்கும். உச்சியில கூரா வருதே, அங்க கல்லு சிலுவய நிக்க வெக்கலாம்."

அந்தக் கோட்டின் மேல் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் எழுதிக் கொடுத்தாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே, கல்லைத் தாங்க அதன்படி பலகை அடித்து முட்டுக் கொடுத்தார். அதன்மேல் உள்பக்கம் செதுக்கிய கல், வெளிப்பக்கம் குவாரியிலிருந்து வந்தபடியே முரட்டுக் கல். உச்சியில் சிலுவை.

பலகை பிரிக்கிற நாளில் பாதி ஊர் கூடிவிட்டது. "தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி முட்டுகளைத் தட்டினார். நான் சொல்லிக்கொண்டிருந்த 'அருள்நிறைந்த மரியே' செபம் பாதியிலேயே நின்றுபோனது. பலகை சடசடவென்று சரிந்தது. தூசி அடங்கியதும் பார்த்தால், ஒரு கல் அசையவில்லை. ரோட்டிலிருந்து பார்க்க மலைக்குகை. கிட்டே போனால் இரண்டு பக்கமும் கை கூப்பினாற்போல ஒரே சீரான வளைவு.

மேஸ்திரி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். "பாப்பா, இந்தப் படத்த எனக்குக் குடு. எம்பொண்ண குடுத்த ஊர்லயும் கெபி கட்டணும்னு சொல்லிக்கினு கீறாங்க."

"இது அங்க சேராது மேஸ்திரி. உச்சியில கனம் மாறினா வளைவும் மாறிடும். அவங்க சிலுவ எவ்ளோ கனம்னு கேட்டு சொல்லுங்க, புதுசா போட்டுத் தர்றேன்."

அவர் சரியென்று தலையாட்டினார்.

பெருமை பாவம் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மாதா சுரூபத்தை உள்ளே வைத்துப் பங்குச் சாமியார் மந்திரித்த அன்று, முழங்காலில் நின்று மாதாவிடமே கேட்டுவிட்டேன்: "அம்மா, உம்முடைய பிள்ளையை ஊரார் மெச்சினபோது நீரும் இப்படித்தானே பூரித்திருப்பீர்?"