பத்தாவது ஆளும் ஒரு சென்டிமீட்டரும்

அந்தப் பெண் ஃபோனில் கூப்பிட்டபோது மூன்று தடவை இணைப்பைத் துண்டித்தேன். நான்காவது தடவை, "சார், பேடிக்கண்டா, பயப்படாதீங்க, ஓடிபி ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். ஓடிபி என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஃபோனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் அவளே வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் சொட்டச் சொட்டக் குடை. அட்டையில் இருந்த படத்தையும் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண், படித்ததெல்லாம் மலையாளத்தில். இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காக எங்கள் கரமனைத் தெருவில் இருபத்தாறு பேருக்கு ரத்தமும் எடையும் உயரமும் பார்த்துவிட்டுப் போனார்கள். அதே ஆட்களைத் தேடிப் பிடித்து, இத்தனை வருஷத்தில் அவர்களுடைய இதயமும் சர்க்கரையும் என்னவாயின என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. அவளிடம் இருந்தவை பழைய விலாசங்களும், எப்போதோ உயிர்விட்ட லேண்ட்லைன் எண்களும் மட்டுமே.

விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆறு பேர் பிள்ளைகளோடு பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒருத்தர் தெருவிலேயே இருக்கிறார், ஆனால் தான் யார் என்பது அவருக்கே நினைவில்லை. மிச்சம் பத்து.

"பத்து பேர் சேர்ந்தா வண்டியும் மெஷினும் இங்க வரும் சார். இல்லேன்னா நீங்கள்லாம் ஆஸ்பத்திரிக்கு வரணும்."

எங்களில் ஐந்து பேர் வாசல்படி இறங்கவே யோசிக்கிறவர்கள். ஆஸ்பத்திரி என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். தெருவே ஆராய்ச்சியிலிருந்து உதிர்ந்துவிடும். எனக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமாகக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து வருகிறவன் நான். யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பேர் அன்று மாலைக்குள்ளேயே சம்மதித்துவிட்டார்கள். பத்தாவது ஆள் இப்போது வித்துராவில் மகனோடு இருக்கிறான். என் மனைவியின் தம்பி.

அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இருந்தது. அந்த முதல் தடவை உயரம் அளந்தவர் எங்கள் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார்: நான் நூற்று அறுபத்தைந்து, மச்சினன் நூற்று அறுபத்துநான்கு. அதுவரை தான்தான் உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். நான் குதிகாலைத் தூக்கினேன் என்று அங்கேயே சாதித்தான். அதற்கப்புறம் கல்யாண வீட்டு ஃபோட்டோக்களில்கூட என் பக்கத்தில் நிற்பதில்லை. சட்டை தைக்கவும் அளவு கொடுப்பதில்லை, ரெடிமேட்தான்.

அந்தப் பெண் ஃபோனில் கேட்டபோது, "என்னை அளந்தது மதி, போதும்" என்று வைத்துவிட்டானாம்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"நிர்பந்திக்கக் கூடாது சார். வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு."

"நான் என் மச்சினனைப் பாக்கப் போறேன். அதுக்கும் உரிமை உண்டோ இல்லையோ?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆராய்ச்சின்னு ஒரு வார்த்தை பேசாதீங்க. அவங்களே கேட்டா மட்டும் சொல்லுங்க."

நெடுமங்காடு வழியாக பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் இரண்டு கவலைகள் மாறி மாறி வந்தன. அவன் வரமாட்டான் என்பது ஒன்று. வந்தால் திரும்பவும் உயரம் அளப்பார்கள் என்பது மற்றொன்று. வயதானால் ஆள் சுருங்கும். என் வேஷ்டி சமீபகாலமாகத் தரையைப் பெருக்குகிறது. பத்தாவது ஆள் கிடைத்தால் என் சென்டிமீட்டர் போகலாம். சென்டிமீட்டரைக் காப்பாற்றினால் தெரு போகும். வித்துராவில் இறங்கும்வரை முடிவுக்கு வரமுடியவில்லை.

மச்சினன் கதவைத் திறந்தான். பேசுவதற்கு முன்பே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"என்ன அத்திம்பேர், குள்ளமாயிட்டேளே."

அவனே ஆரம்பித்தான், நான் வாய் திறக்கவில்லை. அக்கா கொடுத்தனுப்பிய கடுமாங்காய் ஊறுகாயைக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். அவன் கண் என் உச்சந்தலையிலேயே இருந்தது.

"இப்படி வந்து நில்லுங்கோ, பாக்கட்டும்."

"கண்ணால பாத்து என்ன தெரியும்? அளந்தாத்தான் தெரியும்."

"யார் அளப்பா?"

அவனே கேட்டுவிட்டான். சொன்னேன்.

கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தான். "குதிகாலை ஆராவது பிடிச்சுப்பாளா?"

"அந்தப் பொண்ணே குனிஞ்சு பாப்பா."

"அப்போ வரேன். ஒரு நாள்தான். மத்தியானம் பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிடுவேன், கேட்டேளா."

வண்டி வருவதற்கு முந்தின சாயங்காலமே வந்துவிட்டான். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று பெண் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தாள். எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. இட்லித் தட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன். காலையில் பத்துப் பேரும் எங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம்.

பெண் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வெறும் வயிறா? வெறும் வயிறுதான். பத்துப் பேரும் சத்தியமாகச் சொன்னோம். ஊசியைப் பிரித்தவள் நிமிர்ந்து ஜன்னல் மேடையைப் பார்த்தாள். அங்கே டம்ளர்கள் வரிசையாக இருந்தன.

"மாமி, அது என்ன?"

"காபி" என்றாள் என் மனைவி.

"யார் குடிச்சது?"

"எல்லாரும்தான். ஆத்துக்கு வந்தவாளை சும்மா உக்காத்தி வைக்க முடியுமா?"

"இவங்க ஃபாஸ்டிங் அல்லே மாமி?"

"ஆமா, ஃபாஸ்டிங்தான். அதான் காபியோட நிறுத்திட்டேன்."

பெண் எங்களைப் பார்த்தாள். நாங்களும் அவளைப் பார்த்தோம். எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. ஏகாதசிக்கும் அப்படித்தான், சஷ்டிக்கும் அப்படித்தான். காபியை உணவு என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே இரண்டு டம்ளர் குடித்திருந்தேன்.

அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. குரல் தாழ்ந்தது. "மாமி, அப்போ பண்டு, அந்த முதல் தடவை?"

"அன்னைக்கும் நான்தானே எல்லாருக்கும் போட்டேன். இருபத்தாறு பேர். ஒத்தருக்கும் கொறையில்லை."

பெண் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன்; சிரித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு. கடைசியில் டாக்டர் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள்: பழையதோடு ஒப்பிட இன்று காபியோடு ஒரு தடவை ரத்தம், நாளைக்குக் காபி இல்லாமல் இன்னொரு தடவை. இரண்டாவது ஊசி வேண்டாம் என்கிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஒன்பது பேர் தலையாட்டினோம்.

மச்சினன் வாட்சைப் பார்த்தான். "எனக்கு மத்தியானம் பஸ் உண்டு. உயரத்தை எடுங்கோ, நான் போறேன்."

நான் பெண்ணின் பக்கம் சாய்ந்தேன். "உயரத்தையும் நாளைக்கு வச்சுண்டா ஆகாதா? ஒரே நாள்ல எல்லாம்னா ஒழுங்கா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உயரம் அளக்கும் கம்பத்தைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்தவள் திரும்ப உள்ளே தள்ளினாள். "நாளைக்கே எடுக்கலாம். உங்க இஷ்டம் சார், கட்டாயம் இல்லை."

"இதெல்லாம் அத்திம்பேர் வேலையாக்கும்" என்றான் மச்சினன். ஆனால் செருப்பைத் தேடவில்லை. அவன் அக்கா அதற்குள் சேனை நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் காலை போல ஒரு காலையை எங்கள் தெரு கண்டதில்லை. பத்துக் கிழவர்கள் காபி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டார். இருவர் பழைய பாகப்பிரிவினை வழக்கைப் புதிதாக ஆரம்பித்தார்கள். மச்சினனுக்குத் தலைவலி; நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தான். அளப்பதற்காக அதை அவிழ்க்கச் சொன்னபோது, துணியால் உயரம் கூடாது என்று வாதாடினான்.

முதலில் நான் நின்றேன். நூற்று அறுபத்தொன்று. நான்கு சென்டிமீட்டரை எங்கே விட்டேன் என்று யோசிப்பதற்குள் அவன் ஏறி நின்றான். பெண் குனிந்து குதிகாலைப் பார்த்தாள், நிமிர்ந்து அளவைப் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்திரண்டு."

அவன் இறங்கவில்லை. கம்பத்தில் ஒட்டியபடியே நின்று சிரித்தான்.

"குதிகாலைத் தூக்கினான்" என்றேன்.

"நான் பாத்துட்டுதான் இருந்தேன் சார். தூக்கல."

பத்தாவது ஊசியும் போட்டு முடிந்தது. கடைசியாக, அடுத்த தடவை தேடி வந்தால் நாங்கள் இருக்குமிடம் நிச்சயமாகத் தெரிந்த ஓர் ஆளின் எண் வேண்டும் என்றாள். மச்சினன் கொஞ்சமும் யோசிக்காமல் என் நம்பரைச் சொன்னான், மனப்பாடமாக.

"அத்திம்பேர் மொதல்ல ஃபோனை எடுக்க மாட்டார்" என்றான் அவளிடம். "விடாம கூப்பிடு. அடுத்த தடவையும் அளக்கணும்."

"எப்போ வருவேள்?" என்று நானும் கேட்டேன். உள்ளேயிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.