மன்னாருக்குப் போன புரோகிராமர்

புத்தளம் நகரில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன இடம். மனேஜராக இருந்தவர் கத்தாருக்குப் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனி ஆஸ்பத்திரி வேலைய நீங்கதான் பாக்கணும்" என்றார்.

அது ஒரு ஹாஜியார் நடத்திய தனியார் ஆஸ்பத்திரி. டொக்டரைச் சனல் பண்ண, அதாவது பார்ப்பதற்கு நம்பர் எடுக்க, வருகிறவர்கள் விடியமுன்னமே வரிசையில் நிற்பார்கள். வீட்டிலிருந்தே போனில் மெசேஜ் அனுப்பி நம்பர் எடுக்கவும், பில்லைக் கம்ப்யூட்டரிலேயே போடவும் நாங்கள் வழி செய்ய வேண்டும். புதுக் கட்டிடம் திறக்கும் நாளில் இரண்டும் ஓட வேண்டும் என்பது பேச்சு.

புரோஜெக்ட் நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்பில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் படித்ததுதான். படித்தபடியே கலர் கலராக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். பாதிக்கு மேல் பச்சை. பச்சை என்றால் எங்கள் புரோகிராமரின் வேலை. எனக்கு அவள் தங்கச்சி மாதிரி, அவளுக்கு நான் ராத்தா, அதாவது அக்கா. புத்தளத்துக்குப் பக்கத்துத் தில்லையடிப் பிள்ளை. போர்க்காலத்தில் மன்னாரை விட்டு வந்த குடும்பம். அவள் பிறந்ததே இங்கே அகதி முகாமில்தான்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ராத்தா, நாங்க ஊருக்குப் போறம். வாப்பா காணியத் துப்புரவாக்கிட்டார். அடுத்த மாசம்."

என் கண் முதலில் சுவருக்குத்தான் போனது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"கோவிக்காதீங்க ராத்தா."

"ஒங்களுக்குப் போக விருப்பமா?"

"தெரியா. வாப்பா ஒரே சிரிக்கிறார், உம்மா ஒரே அழுறா. நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல."

ஆள் போனால் வேறு ஆளைப் போடு என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். புத்தளத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? முதலாளியோ, "ஹாஜியார்ட்ட இப்ப சொல்ல வேணாம், கிட்டத்தில பாப்பம்" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. திறப்பு நாள் கிட்டிய பிறகு சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? முதலாளியோடு கொஞ்சம் வாக்குவாதப்பட்டுவிட்டுப் போய்ச் சொன்னேன்.

ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிட்டனே புள்ள!"

"எல்லாம் தர ஏலாது ஹாஜியார். நம்பர் எடுக்கிறது மட்டும் அன்னைக்கு ஓடும். பில் போடுறது புறவு."

"கட்டாயம் ஓடுமா?"

"ஓம்" என்றேன்.

நானும் அவளும் அட்டவணையைக் கழற்றிவிட்டு, அவள் புறப்படுமுன் முடியக்கூடியதை மட்டும் புதிதாக எழுதினோம். மிச்சத்தை அங்கிருந்தே செய்வதாகச் சொல்லி லெப்டொப்பில் மன்னாருக்குக் கொண்டுபோனாள். அங்கே வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சந்திக் கடையில் சார்ஜ் போட்டு வேலை செய்தாள்.

திறப்பு நாளில் முதல் மெசேஜ் கற்பிட்டியிலிருந்து வந்தது. நம்பர் சரியாகப் போனது. உடனே அவளுக்குக் கோல் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். கூரைக்குத் தகரம் அடிக்கிறார்கள் போல.

"போய்ட்டு தங்கச்சி! முதல் நம்பர் போய்ட்டு!"

"வாப்பா, கொஞ்சம் அடிக்காம இருங்க" என்று கத்தியவள், சத்தம் நின்றதும் மெதுவாகச் சொன்னாள்: "இன்னொருக்காச் சொல்லுங்க ராத்தா."

பில் போடும் பகுதி முடிய இன்னும் பல மாதம் போனது. ஹாஜியார் என்னை ஏசினார், ஆனால் வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அவள் புத்தளத்துக்குத் திரும்பவில்லை. மன்னாரிலிருந்தே எங்களோடு வேலை செய்தாள்.