மாமா தூக்கிப்போன இன்வெர்ட்டர்

கச்சிபௌலியில் வேலை பார்த்த என் மாமா, நகரத்தின் மறுகோடியில், தார்நாகாவில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். குடித்த காபி டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர். அப்பேர்ப்பட்டவர், ஆந்திரக் கடலோரத்தைப் புயல் புரட்டிப்போட்ட வாரம், நிவாரணப் பொருள் ஏற்றிய லாரியில் தானும் போகிறேன் என்று கிளம்பினார். கிளம்பியதோடு நிற்காமல், எங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியோடு கழற்றி லாரியில் ஏற்றினார்.

அரிசியும் போர்வையும் கொண்டுவந்த அபார்ட்மென்ட்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மாவுக்கு மானம் போயிற்று.

“டேய், பசிச்ச வயித்துக்குக் கரண்டையா ஊட்டப்போற?”

“சாப்பாடுதான் லாரி லாரியா போகுதேக்கா. அங்க டவர் வந்துருச்சாம், போன்லதான் சார்ஜ் இல்லயாம். அந்த மனுஷன் மொகத்தப் பாரு.”

அந்த மனுஷன் எங்கள் வாட்ச்மேன். பிரசவத்துக்குக் கடலோரத்தில் தாய்வீடு போயிருந்த அவர் மனைவியிடமிருந்து, புயலடித்த பிறகு ஒரு தகவலும் இல்லை. கைக்குழந்தை வேறு. கேட்டைத் திறப்பார், மூடுவார், போனைப் பார்ப்பார். யாரிடமும் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. மாமா அவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். “நக்கோ மாமா, இன்வெர்ட்டர் வேண்டாம்!” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கரண்ட் போனால் போனதுதான். மாமாவோ ஒரே ஒருமுறை அம்மாவைப் போனில் கூப்பிட்டார். அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் பிளக் போர்டுகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். பேட்டரி தீர்ந்தால் யாருடைய பைக்கிலாவது கட்டிக்கொண்டுபோய், பெட்ரோல் பங்க் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி வருகிறாராம். சனங்கள் போனைச் சொருகி, நின்றபடியே பேசிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விடுகிறார்களாம். நம்ம வீட்டுச் சோம்பேறியா இது என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்று நினைத்தால் எனக்கு மாமாவைப் பற்றிப் பெருமையாகத்தான் இருக்கிறது. அன்று கோபம்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் கரண்ட் போக, புழுக்கம் தாங்காமல் கீழே இறங்கி வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் போன் அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“பாப பாகுந்தா? நுவ்வு தின்னாவா?”

குழந்தை நல்லாயிருக்கா, நீ சாப்பிட்டாயா. அவ்வளவுதான் கேட்டார். பிறகு, “வெனக சாலாமந்தி உன்னாரா?” என்றார். பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்களா என்று. பதிலைக் கேட்டதும், “சரே, பெட்டேய்” என்று அவரே போனை வைக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேலே ஓடினேன்.

“அவ்ளோதாம்மா பேசினாரு! இதுக்கா நம்ம இன்வெர்ட்டர்?”

அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பேச்சு முடிந்த போனை அவர் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. பேச விஷயமே இல்லாத மனுஷன் எதற்கு இப்படி நிற்கிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.