விடுபட்ட ஒரு கிலோமீற்றர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சிறுபோக நெல் அறுவடைக் காலத்தில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தருகே நடந்தது இது. நான் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவன். நாற்பது தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கினேன். மலையேற்றப் பாதைகளில் ஓடிப் பழகிய கால்கள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. குளத்தோரமாக முழு மரதன் ஓட்டம் ஒன்று நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். மேடே இல்லாத ஊர், இதிலென்ன கஷ்டம்? “பதக்கத்தோட வருவேன்” என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

காலை ஐந்து மணிக்குக் குளக்கட்டில் தொடங்கினோம். இடது பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், அதன்மேல் சிவந்து வரும் வானம், பட்ட மரங்களில் நீர்க்காகங்கள். அழகில் மயங்கி அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடினேன். எட்டு மணிக்கெல்லாம் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நிழலே இல்லாத வாய்க்கால் வீதி. எதிரே சோளகக் காற்று நெருப்பை அள்ளி வீசியது. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். முப்பத்தோராவது கிலோமீற்றரில், ஒரு சின்ன மதகைத் தாண்டும்போது, எனக்குப் பின்னால் ஒருவருமே இல்லை. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வான் வண்டி மட்டும்தான் உறுமிக்கொண்டிருந்தது.

ஒழுங்குசெய்த குழுவைச் சேர்ந்த ஒருவர் தலையை வெளியே நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் நல்ல கனிவு.

“சேர், போதும். பன்ரண்டு மணிக்குள்ள முடிக்க ஏலாது. ஏறுங்கோ.”

ஒரு வார்த்தைகூட மறுக்காமல் ஏறினேன். உள்ளே என்னைப்போல மூன்று பேர். குளிரூட்டியின் காற்று முகத்தில் பட்டதும் சொர்க்கம் போலிருந்தது. பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். காலில் தசை பிடித்துவிட்டது என்று சொன்னால் நம்புவார்கள்.

ஒரு கிலோமீற்றர் போயிருப்போம். வீதியின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அதன் ஓரமாக ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை நீண்ட காற்சட்டை, வெளிறிப்போன ரீசேட், கழுத்தில் ஜெபமாலை. சப்பாத்துகளின் முன்பக்கம் வெட்டியிருந்தது. விரல்கள் வெளியே தெரிந்தன. வான் அவர் பக்கத்தில் மெதுவாகப் போனது.

“தங்கச்சி, ஏறுங்கோ. முன்னுக்குத் தண்ணி மேசையளையும் எடுத்திட்டினம்.”

“அப்ப ஒரு போத்தல் தண்ணியைத் தாங்கோ. நான் ஏறமாட்டன்.” அவர் நிற்கவில்லை.

“வெயில் கொழுத்துது. விழுந்தா ஆர் பொறுப்பு?”

“விழுகிற ஆள்தான் பொறுப்பு.”

“நீங்கள் போய்ச் சேரேக்க அங்க ஒருத்தரும் நிக்க மாட்டினம், தங்கச்சி.”

“கோடு கிடக்கும்தானே? அதையும் சுருட்டிக்கொண்டு போகப்போறியளோ?”

வானுக்குள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் திரும்பிக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

“இப்பிடிச் சிரிக்க ஏலுமெண்டா ஓடவும் ஏலும்தானே?”

மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையில் எனக்குத் தசை பிடிக்கவில்லை. களைத்திருந்தேன், அவ்வளவுதான். ஏறச் சொன்னார்கள், ஏறினேன்.

“சார், கதவைத் திறங்க. நான் இறங்குறேன்.”

“நீங்கள் ஏறினதைப் பதிஞ்சாச்சு சேர். இனி ஓடினாலும் கணக்கில்லை.”

“பரவாயில்ல சார்.”

இறங்கி மறுபடி ஓடத் தொடங்கினேன். எப்படியோ அவரை எட்டிப் பிடித்தேன். முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவக் குடும்பம் என்றார். மூன்று பிள்ளைகள். விடியற்காலையில் கணவர் படகைத் தள்ளிக் கடலுக்குப் போனதும் ஈரமணலில் ஓடுவாராம். சப்பாத்து மகளுடையது. அளவு சிறிது என்பதால் மீன் வெட்டும் கத்தியால் நுனியை வெட்டிவிட்டாராம்.

“ஊரில சிரிக்காத சனமில்லை அண்ணை. நேற்றும் மச்சாள்காரி சொன்னவா, ‘போகேக்க காலில போவாய், வரேக்க வானில வருவாய்’ எண்டு. நான் அதில ஏறினா அவா சொன்னது சரியாப் போயிடும். விடுவனே?”

முப்பத்தெட்டாவது கிலோமீற்றரில் எனக்கு மெய்யாகவே தசை பிடித்தது. அவர் காத்திருக்கவில்லை.

“நிண்டா இறுகிப்போடும் அண்ணை. நடந்தெண்டாலும் வாங்கோ. நான் போறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படித்தான் போகவேண்டும்.

நான் குளக்கட்டை அடைந்தபோது பன்னிரண்டு மணி தாண்டி வெகுநேரம். முடிவிடத்து வளைவைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கிகள் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. சுண்ணாம்புக் கோடு மட்டும் பாதி அழிந்து கிடந்தது. அவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெருவிரல் நகங்கள் கறுத்திருந்தன. கழுத்தில் ஜெபமாலையோடு பதக்கமும் தொங்கியது. நேரம் தப்பியும் முழுத்தூரமும் ஓடியதற்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கோட்டைத் தாண்டியதும் வானில் வந்த அதே மனிதர் ஒரு பதக்கத்தோடு வந்தார்.

“நீங்களும் பிடியுங்கோ சேர். ஒரு கிலோமீற்றர்தானே. ஆர் பாக்கப்போகினம்?”

கை நீண்டதை மறைக்கமாட்டேன். வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் கண்முன்னால் வந்தன. பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

“வேணாம் சார். நடுவுல ஒரு கிலோமீற்றர் நான் ஓடல.”

அந்தப் பெண் காலைத் தேய்த்தபடியே நிமிர்ந்தார். “அதுக்கென்ன அண்ணை? அந்த ஒரு கிலோமீற்றர் அங்கதானே கிடக்கு. ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகேல்லையே.”

கொஞ்ச நேரத்தில் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்தபடி பதக்கத்தை ரீசேட்டுக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டார். ஊருக்குள் போகும்போது தெரியவேண்டுமே!

எனக்குப் பஸ் இரவில்தான். நாலு மணிவரை ஒரு மரநிழலில் படுத்துக் கிடந்தேன். பிறகு ஒரு ஓட்டோ பிடித்து அந்த மதகடியில் போய் இறங்கினேன். கால்கள் மரக்கட்டையாக இருந்தன. ஓடினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நடக்கவில்லை. ஓட்டோக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பின்னாலேயே வந்தார்.

நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த ஒரு விவசாயி மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, எல்லாரும் மத்தியானமே ஓடி முடிச்சிட்டினமே?”

“எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திச்சுங்க ஐயா” என்றேன்.

அவர் மண்வெட்டியால் நெல்லை ஒதுக்கி வழிவிட்டார். நான் வானிலிருந்து இறங்கிய இடம் வந்ததும் தார்வீதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கைதட்ட யாருமில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் வராத ஒரு நிம்மதி அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை வெறுங்கழுத்தோடு வகுப்புக்குப் போய், வானில் ஏறியதையும் இறங்கியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மிரட்டித் தடுக்கிறவர்களை எதிர்த்து நிற்பது எனக்கு எப்போதுமே சுலபம். “போதும், ஏறுங்கோ” என்று அன்போடு கதவைத் திறந்துவிடுகிறவர்களிடம் முடியாது என்று சொல்லத்தான், நுனி வெட்டிய சப்பாத்தோடு ஓடிய அந்தப் பெண்ணிடமிருந்து நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.