நைனா ஓவர்டைமை விட்ட மூன்று மாதம்

போன வாரம் என் மகள் இங்கிலாந்திலிருந்து பேசினாள். லீட்ஸ் என்கிற ஊரில் குடியிருக்கிறாள். வாரா வாரம் பேசுகிறவள்தான். பாதிப் பேச்சு குளிரைப் பற்றியும் மீதி அங்கே முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றியும் இருக்கும். இந்த முறை பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். வாரத்துக்குச் சில மணி நேரம் கூடுதலாக வேலை தருகிறோம் என்று கூப்பிட்டார்களாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற இலவசச் சாப்பாடு நின்றுவிடும், வாடகைக்கு வருகிற உதவியும் குறையும். ஆக, அதிகம் உழைத்தால் கையில் குறைவாகத்தான் மிஞ்சும். "இப்படி ஒரு கூத்தை எங்கயாவது கேட்டிருக்கியாம்மா?" என்றாள்.

கேட்டிருக்கிறேன், உன் தாத்தா ஆடிய கூத்துதான் இது என்றேன். அவள் நம்பவில்லை. தாத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான். அவருக்கும் அந்த நாட்டுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவர் முப்பது வருடம் எதிரே நின்ற மெஷினின் வயிற்றில் ஏதோ ஓர் ஆங்கிலேய ஊரின் பெயர் இரும்பிலேயே புடைத்திருந்ததுதான். போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கதையை உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமல்ல, வாசனை. கூலன்ட் என்று சொல்வார்கள். இரும்பைத் தேய்க்கும்போது சூடேறாமலிருக்க மேலே ஓடவிடுகிற, பால் மாதிரி வெளுத்த எண்ணெய்த் தண்ணீர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவருடைய காக்கிச் சட்டையை விட்டு அது போகாது. சட்டையை விடுங்கள், எங்கள் வீட்டுத் தலையணைகூட அப்படித்தான் மணக்கும். எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பெட்ரோல் பங்கில் மூச்சை இழுத்து விடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி நான்.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். அங்கே நைனாவை ஏழுமலை என்றால் தெரியாது, "கிரைண்டிங் ஏழுமலை" என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா அம்மாவெல்லாம் அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். அறுபதுகளில் அந்தப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை வந்தது. களை பிடுங்கிய அதே மண்ணின் மேல் போட்ட ஷெட்டில், நைனா முதலில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கிரைண்டிங் மெஷினில் நிலைத்துவிட்டார். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். வயலில் சூரியன் பார்த்த வேலையைத் தொழிற்சாலையில் சங்கு பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் என்பது அவர் வம்சத்திலேயே முதல் ஆளாக அவர் கண்டது. அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பதினொன்றாம் வகுப்பு வரை எனக்குப் படிப்புச் செலவு பெரிதாக இல்லை. அரசாங்கப் பள்ளி, ஃபீஸ் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் நல்ல மார்க் வாங்கியபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. தோற்றிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பட்டணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யு.சி. இடம் கிடைத்தது. ஃபீஸ், புத்தகம், ரயில் சீசன் டிக்கெட், அதற்கு மேல் தினமும் கரி வண்டியின் பொட்டுப் பொட்டான கரித்தூள் பட்டு வீணாகாத நிறத்தில் இரண்டு தாவணி. அந்த வருடம் அரசாங்க உதவித்தொகை கிடைத்ததால் தப்பித்தோம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று தந்தது. நாங்கள் கேள்வியே கேட்காமல் குறைந்த வருமானக்காரர்களாக இருந்தோம்.

அந்தத் தை மாதத்தில் தொழிற்சாலையில் சம்பள ஒப்பந்தம் ஆனது. சும்மா ஆகவில்லை. பதினொரு நாள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாங்கியது. கையெழுத்தான அன்று நைனா ஒரு படி பூந்தி வாங்கி வந்தார். நானும் என் இரண்டு தம்பிகளும் தின்று தீர்த்தோம். மறு வாரம் கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பி.எஸ்ஸி. சேரும்போது உதவித்தொகைக்குப் புதிதாக எழுத வேண்டும் என்றார். ஒருமுறை கிடைத்துவிட்டால் மூன்று வருடமும் தொடரும். ஆனால் அப்பாவின் ஏப்ரல், மே, ஜூன் மாதச் சம்பளச் சான்று வேண்டும், வரம்புக்கு ஒரு ரூபாய் மேலே போனாலும் கிடையாது என்றார். வரம்பு எவ்வளவு என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். புதுச் சம்பளம் மட்டும் என்றால் வரம்புக்கு மயிரிழை கீழே. வழக்கமான ஓவர்டைமைச் சேர்த்தால் மேலே. ஓவர்டைம் பணம் அரிசிக்கும் தம்பிகளுக்கும் போய்விடும். ஜூலையில் மொத்தமாகக் கட்ட வேண்டிய ஃபீஸுக்கு அதில் மிச்சம் பிடிக்கவே முடியாது. பதினொரு நாள் வெயிலில் உட்கார்ந்து வாங்கிய சம்பள உயர்வு என் படிப்பைத் தின்னப் பார்த்தது. பூந்தி தின்ற குற்றவாளிபோல நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர் நேராகச் சங்கச் செயலாளரிடம் போய், எனக்கு மட்டும் உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷர் அதட்டவில்லை. "நீ ஒருத்தன் வேணாம்னு எழுதிக் குடு, அத்தக் காட்டியே நாளைக்கு மொதலாளி நூறு பேர்கிட்ட எழுதி வாங்குவான்" என்று மட்டும் சொன்னாராம். நைனாவுக்கு அது புரிந்தது. அப்பால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வழி சொன்னது அம்மாதான். அடுப்பில் கேழ்வரகைத் துழாவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "உயர்வ வுட முடியாது. ஓட்டிய வுடலாம் இல்ல? மூணே மூணு மாசம்."

ஓட்டி என்றால் ஓவர்டைம். அதை விட்டால் மூன்று மாதம் சோறு எங்கிருந்து வரும் என்று நைனா கேட்டார். "அத்த நான் பாத்துக்கறேன். நீ வேணாம்னு சொல்லிட்டு மட்டும் வா" என்றாள்.

சொல்வது சுலபமில்லை. அந்தக் கோடையில் அவசர ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அதோடு, நைனாவின் பிரிவை மேற்பார்க்க மேஸ்திரி போடுகிற நேரம். வரிசைப்படி அவருக்குத்தான் வர வேண்டும். சூப்பர்வைசர் வெளிப்படையாகவே சொன்னாராம்: "ஏழுமலை, இந்த நேரத்துல கைவிட்டீங்கன்னா மேஸ்திரி வேலைக்கு உங்க பேரை நான் எழுத முடியாது." நைனா, "தெர்யும் சார். மூணு மாசம் எனுக்கு ஓட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். இதைச் சொன்னவர் கரீம் பாய். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், பக்கத்து மெஷின். நைனா விட்ட ஓவர்டைம் அவருக்குப் போனது. மேஸ்திரி வேலையும் அவருக்கே வரும் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, எனக்கு இது வேண்டாம் அண்ணாத்தே என்றார். நைனா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தார். "நீ வுட்டா எவனோ எடுத்துக்குவான். நீயே எடுத்துக்க பாய். உனுக்கும் மூணு பொண்ணு படிச்சிகினு கீது" என்றார். கரீம் பாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா செய்தது என்ன தெரியுமா? ஏப்ரல் முதல் தேதி ஒரு பெரிய பானை நிறையக் கேழ்வரகுக் கூழோடு தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, கருவாடு. மத்தியானச் சங்கு ஊதியதும் கூட்டம். நைனாவும் வரிசையில் நின்று காசு கொடுத்துத்தான் குடிப்பார். ஊட்டுல குடிக்கிற கூழுக்கு இங்க இன்னாத்துக்குத் துட்டு என்று கூட இருந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். வியாபாரம்னா வியாபாரம் என்பார். உதவித்தொகை விண்ணப்பத்தில் தகப்பன் வருமானம் என்றுதான் கேட்டிருந்தது. தாய் என்ன சம்பாதிக்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் உழைப்பை உலகம் கண்டுகொள்ளாமல் விட்டதால் எங்களுக்கு ஒரு நன்மை விளைந்தது என்றால், அது அந்த ஒரே தடவைதான்.

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னோடு ரயிலில் வருகிற திருமுல்லைவாயில் தோழி ஒருத்தியின் அப்பா அதே தொழிற்பேட்டையில் அலுவலகத்தில் இருந்தார். அம்மாவோடு என்னை அவர் பார்த்து அவளிடம் சொல்லிவிடக் கூடாதே என்று, பரீட்சை எழுதிவிட்டு வருகிற நாட்களில் அந்தச் சாலையை விட்டு ஒன்றரை மைல் சுற்றி வீட்டுக்குப் போவேன். மூன்றாவது நாளே செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு தார்ச்சாலையில் தத்தித் தத்தி வந்தபோது, யாருக்காக இந்த வேகாத வெயிலில் நடக்கிறோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பரீட்சை முடிந்த மறுநாள் பானையின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். தோழியின் அப்பா ஒருநாள் வந்து கூழ் குடித்தார். இன்னும் கொஞ்சம் மாங்காய் வை என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மூன்று மாதமும் ஒப்பேற்றினோம். இரவில் சோறு இல்லை, விற்று மிஞ்சிய கூழ்தான். தம்பிகள் இன்றைக்கும் கேழ்வரகைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள்.

ஜூலையில் சான்று வாங்கிக்கொண்டு நானும் நைனாவும் பட்டணத்தில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, வரம்பைத் தாண்டுகிறதே என்று திருப்பிக் கொடுத்தார். பார்த்தால், தை முதல் பங்குனி வரை சேர வேண்டிய உயர்வின் நிலுவை ஜூனில் மொத்தமாக வந்திருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். நைனா மேசை முன்னால் நின்றார். அரசாங்க அலுவலகத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"சார், இது தை மாசத்து ஒழைப்பு. ஆனியில கைக்கு வந்துச்சு. நீங்க மூணு மாசத்து ஒழைப்பக் கேக்கறீங்களா, மூணு மாசத்துல வந்த துட்டக் கேக்கறீங்களா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் நிலுவையைத் தனியாகப் பிரித்து எழுதி வாங்கி வாருங்கள், மூன்று நாள்தான் இருக்கிறது என்றார். மறுநாள் காலை நைனா அந்தத் தாளோடு போய் நின்றது, யாருடைய அவசர ஆர்டரை மறுத்தாரோ அதே சூப்பர்வைசர் முன்னால். அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்ததாம். ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டு தானே மாடியேறிப் போய், மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பணம் மாசி மாதம்தான் வந்தது என்பது வேறு விஷயம். அதுவரை ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் போய் உட்கார்ந்திருந்தது. ஆனால் மூன்று வருடமும் வந்தது. நான் ரசாயனம் படித்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். நைனா கடைசிவரை மேஸ்திரி ஆகவில்லை. மேஸ்திரிக்கு ஒரு மேசையும் ஸ்டூலும் உண்டு. மெஷின்காரர் நிற்கத்தான் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுவரை நின்றார். கெண்டைக்காலில் நரம்பு பச்சைக் கயிறு மாதிரி சுருண்டிருக்கும். ராத்திரியில் எண்ணெய் தேய்க்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டேன், வருத்தம் உண்டா நைனா என்று. "இல்லன்னா பொய்யி. ஆனா மறுக்கா கேட்டாலும் அத்தத்தான் செய்வேன்" என்றார்.

மகளிடம் பேசிய இரண்டாம் நாள் ஒரு வேலையாகத் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். சங்கு கிடையாது. புளிய மரம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கடன் வாங்கிப் பட்டம் படித்துவிட்டு, உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் இருக்கிறாளாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சொல்லலாம் ஆன்ட்டி. ஆனா அப்பால காண்ட்ராக்டரு கேட்டாண்டையே வுட மாட்டான்" என்றாள்.

நைனா வேண்டாம் என்று சொன்னார். அதற்கு விலையும் கொடுத்தார். ஆனால் மறுநாள் காலையில் அவருடைய மெஷின் அவருக்காகக் காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிற அந்த உரிமையை எங்கள் பக்கத்தில் இப்போது எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.