கவன மாத்திரையும் பச்சைப் பாவும்

போன புதன்கிழமை ஒரு மனிதர் மாத்திரை போட்டுக்கொண்டு மேதையானதை என் கண்ணால் பார்த்தேன்! நோய்நொடி எதுவும் கிடையாது. குண்டுக்கல் மாதிரி உடம்பு. பிறகெதற்கு மாத்திரை?

“மூளைக்குங்க!” என்றார் முருகேசன்.

முருகேசன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பட்டு நெசவு. அவருடைய மச்சானுக்குச் செய்யாறு பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. அங்கே யாரோ கொடுத்தார்களாம். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடும் வியாதிக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரை. “நல்லா கீறவன் போட்டா கவனம் பிச்சிகினு போவும்” என்று மச்சான் கேரண்டி வேறு.

அன்றைக்கு அவருக்குக் கவனம் தேவைதான். போளூர் கல்யாணப் பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் புடவை. சாயங்காலம் பெண் வீட்டார் வந்து, தறிக்குப் பூ வைத்துத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அதற்குள் தறியில் மிச்சமிருக்கும் பழைய பாவின், அதாவது நெடுக்கே ஓடும் இழைகளின், நுனியோடு புதுப் பாவை இணைக்க வேண்டும். இழைக்கு இழை முடிச்சு... ஆயிரக்கணக்கில்!

விடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செல்போன் அடித்தது — எடுக்கவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது — விரட்டவில்லை. காபி ஆடை கட்டியது. விரல்கள் மட்டும் பறந்தன. பதினோரு மணிக்கெல்லாம் முடித்தே விட்டார்!

எனக்குப் பொறாமை பொங்கியது. இந்த ஒரு பக்கப் பத்திக்கு மூன்று நாள் நகம் கடிக்கிற ஆள் நான். “எனக்கும் ஒண்ணு குடுங்க” என்று வெட்கமில்லாமல் கையை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி செல்வி உள்ளே வந்தார்.

“இன்னாங்க இது... பச்சையா கீது?”

தறியில் அதற்கு முன் ஓடியது பச்சைப் புடவை. வீட்டில் இரண்டு புதுப் பாவுகள் — கடைக்காரருக்குப் பச்சை, கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்பு. மனிதர் பச்சை நுனியைப் பார்த்ததும் பச்சையையே ஜோடி சேர்த்துவிட்டார். ஓர் இழைகூடத் தப்பவில்லை. பாவுதான் தப்பு! மாத்திரை போடாமலே பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற எனக்கும் தெரியவில்லை என்பது தனிக்கதை.

“ஐயோ, அஞ்சு மணி பஸ்ல வந்துடுவாங்களே... பேஜாராப் பூடுச்சே!” முருகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்வி அசரவில்லை. வாசலில் நின்று ஒரே குரல்: “யக்கா! ஜல்தி வாங்க!”

நாலு பெண்கள் வந்தார்கள். பச்சையை வெட்டி எடுத்துவிட்டு, சிவப்பை இணைக்க உட்கார்ந்தார்கள். வாய் ஓயவே இல்லை! டி.வி. சீரியல் மாமியார், சேவூர் சம்பந்தம், யார் வீட்டுக் குழம்பில் உப்பு... சிரிப்பில் வீடு அதிர்ந்தது. கவனமா? மருந்துக்கும் கிடையாது. ஆனால் முடிச்சு ஒன்றுகூடப் பிசகவில்லை!

மாத்திரை கவனத்தைக் கொடுக்கும். எதன்மேல் வைப்பது என்று சொல்லித் தராது போலிருக்கிறது.

பெண் வீட்டார் நுழைந்தபோது தறியில் ஜம்மென்று சிவப்பு. கடைசி நாலைந்து இழைகள்தான் பாக்கி. கல்யாணப் பெண் ஆசைப்பட்டு, செல்வியிடம் கேட்டுக் கேட்டு ஒரு முடிச்சுப் போட்டாள். முகமெல்லாம் பூரிப்பு!

“அண்ணா, நீங்களும் ஒண்ணு போடுங்கண்ணா!”

முருகேசன் ஆவலாக நகர்ந்தார். செல்வி குறுக்கே கையை நீட்டினார்.

“அவரு வேணாம்மா... மாத்திரை போட்டுகினு கீறாரு!”